டர்பனில் ஒரு குளிர்காலம், பதினாறு போர்வை, மரத்துப்போன கை

நடுராத்திரியில் கை மரத்துப்போய் முழிப்பு வந்து, கையை உதறிக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்து போனில் தேடிக்கொண்டிருக்கும், நிட்டிங் செய்யும் யாராவது ஒரு பெண் கண்ணில் இது படட்டும் என்றுதான் எழுதுகிறேன். நானும் அப்படி உட்கார்ந்து தேடியவள்தான். கிடைத்ததெல்லாம் இரண்டே வகை. ஒன்று "பின்னுவதை நிறுத்து", இன்னொன்று "ஆபரேஷனுக்குத் தயாராகு". இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டியது ஏகப்பட்டது இருக்கிறது. அதையெல்லாம் நான் பணத்தைக் கொட்டித்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நல்ல சிநேகிதத்தையும் கிட்டத்தட்ட தொலைத்துவிட்டு மீட்டேன்.

நான் குன்னூர்க்காரி. எங்கள் கான்வென்ட்டில் நிட்டிங் ஒரு பாடம். ஏழாம் வகுப்பில் ஒரு சாக்ஸ் பின்னி முடிக்காதவளை சிஸ்டர் விளையாட விடமாட்டார். அந்தப் பழக்கம் கல்யாணம், பிள்ளை, ஊர் மாற்றம் எல்லாவற்றிலும் கூடவே வந்தது. வீட்டுக்காரர் கப்பலில் மரீன் இன்ஜினியர். மாதக்கணக்கில் கடலில். மகன் கேப்டவுனில் படிக்கிறான். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ஓவர்போர்ட் பக்கம் ஒரு ஃபிளாட்டில். டர்பனில் ஸ்வெட்டர் போடும் அளவுக்குக் குளிர் என்று ஒன்று கிடையாது. பிப்ரவரியில், இங்கே அது கோடை, நூல் விரலில் ஒட்டும், உலோக ஊசி வேர்வையில் வழுக்கும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைத்த நல்ல மெரினோ கம்பளி நூல்கண்டுகள் பூசணம் பிடித்து ஒரு வருடம் மொத்தமாகக் குப்பைக்குப் போயின. கடலோர ஊரில் இருப்பவர்கள் நூலைத் துணிப்பையில் காற்றோட்டமாக வையுங்கள், மூங்கில் ஊசிக்கு மாறுங்கள். இவ்வளவு இடைஞ்சல் இருந்தும் நான் பின்னாத நாள் இல்லை. தனியாக இருக்கும் வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கைக்கு வேலை இல்லையென்றால் மனசு எங்கெங்கோ போகும். அதைத் தடுத்தது ஊசியும் நூலும்தான். அதனால் "இந்த வயசுல இதெல்லாம் தேவையா, விட்டுடேன்" என்று சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

சிநேகிதி என்று சொன்னேனே, அவர் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் அக்கா. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வாரிசு, நான்காவது தலைமுறை. பேச்சு முழுக்க ஆங்கிலம்தான், நடுவில் ஒன்றிரண்டு தமிழ்ச் சொல் வந்து விழும். ஆனால் கோயிலில் தேவாரம் பாடினால் நான் வாயை மூடிக்கொள்வேன், அவ்வளவு சுத்தமான உச்சரிப்பு. டர்பனில் ஒரு காலத்தில் துணி ஆலைகள் ஆயிரக்கணக்கான இந்தியப் பெண்களுக்குச் சோறு போட்டன. தொண்ணூறுகளில் இறக்குமதி வரி குறைந்து வெளிநாட்டுத் துணி வந்து குவிந்த பிறகு ஒவ்வொன்றாக மூடின. அக்கா அப்படி ஒரு ஆலையில் மெஷினில் உட்கார்ந்து காலத்தை ஓட்டியவர். அவர் கணக்கில் ஆர்டர் என்றால் ஆர்டர், தேதி என்றால் தேதி. காய்ச்சலோ கல்யாணமோ, எந்தச் சாக்கும் செல்லாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததில் அவர் கெட்டவர் என்று யாருக்கும் தோன்றிவிடக் கூடாது.

2023 தொடக்கத்தில், தைப்பூசக் காவடி முடிந்த கையோடு, டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்தில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவர் எங்கள் வேலையை ஒரு கைவினைச் சந்தையில் பார்த்துவிட்டுக் கேட்டார். எட்டு அறை, அறைக்கு இரண்டு, ஆக மொத்தம் பதினாறு மோஹேர் போர்வை, அதாவது அங்கோரா ஆட்டு ரோம நூலில் பின்னியது. கட்டிலின் கால்மாட்டில் மடித்துப் போடும் அளவு. ஒன்றுக்கு 1,800 ராண்ட். மே மாதக் கடைசிக்குள் வேண்டும், குளிர்கால சீசனுக்கு. ஆளுக்கு எட்டு என்று பிரித்துக்கொண்டோம். முன்பணம் கேட்கவில்லை. வாயால் பேசினதுதான், ஒரு வரி எழுத்தில் கிடையாது. நூல் எங்கே வாங்குவது என்று வந்தபோது அக்காவுக்கு ஒரு ஆசை. "டர்பன் கடையில வாங்கினா லாபம் எங்கே மா? கரூவுக்கே போயிடலாம்" என்றார். அந்த ஆடு மேயும் வறண்ட பூமி அது. வாழ்நாளெல்லாம் துணியோடு வேலை செய்தும் அந்த ஆட்டை நேரில் பார்த்ததில்லையாம்.

உலகத்தில் உற்பத்தியாகும் மோஹேரில் ஏறக்குறைய பாதி தென்னாப்பிரிக்காவிலிருந்துதான் போகிறது, அதுவும் பெரும்பகுதி ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தின் கரூ வறண்ட பூமியிலிருந்து. அங்கோரா ஆட்டின் ரோமம். வருடத்துக்கு இரண்டு முறை கத்தரிப்பார்கள். முதல் கத்தரிப்பில் வரும் குட்டி ரோமம்தான் மிருது, வயது ஏற ஏற முரடாகும். 1838இல் துருக்கியிலிருந்து பன்னிரண்டு கிடாவும் ஒரு பெட்டையும் கப்பலில் வந்தன, கிடாக்களை மலடாக்கித்தான் அனுப்பினார்கள், ஆனால் பெட்டை வழியிலேயே ஒரு கிடாக்குட்டி ஈன்றுவிட்டது, அதிலிருந்து பெருகிய தொழில் இது என்று அங்கே கதை சொல்வார்கள். எங்கள் ஆட்களின் முதல் கப்பல் டர்பனுக்கு வந்தது 1860இல். "ஆட்டுக்கு நம்மளைவிட இருபத்திரண்டு வருஷம் சீனியாரிட்டி" என்று அக்கா சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

கரூ போகும் வழியில், டர்பனிலிருந்து போர்ட் எலிசபெத்துக்கு, இப்போது கெபெர்ஹா, N2 சாலையில் சுமார் 900 கிலோமீட்டர். கோக்ஸ்டாட், முத்தாத்தா வழியாக. சாலையில் மாடு, ஆடு, குழி, சரக்கு லாரி எல்லாம் உண்டு. இருட்டில் ஓட்டாதீர்கள், நடுவில் ஓரிடத்தில் தங்கிவிட்டுப் போங்கள். அக்காவின் கார், அக்காவே ஓட்டினார். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முதல் போர்வையை ஆரம்பித்துவிட்டேன், கையில் இருந்த நூலில். ஒன்று சொல்கிறேன், முன் சீட்டில் உட்கார்ந்து நேர் ஊசியால் பின்னவே கூடாது. ஏர்பேக் வெடித்தால் ஊசி எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். அது ஒரு பக்கம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஊசி நழுவாமல் இருக்க விரல் தன்னை அறியாமல் இறுக்கிப் பிடிக்கும், மணிக்கட்டு மடிந்தே இருக்கும், கழுத்து குனிந்தே இருக்கும். வீட்டில் சோபாவில் அரை மணிக்கு ஒருமுறை அடுப்பைப் பார்க்கவாவது எழுந்திருப்போம். காரில் நாள் முழுக்க அப்படியே. ஆனாலும் அந்தப் பயணம் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். R75இல் ஜேன்சன்வில் தாண்டும்போது முள்ளும் கல்லுமான அந்த வெளியில் வெள்ளைச் சுருள் முடியோடு ஆட்டுமந்தை நின்றது. அக்கா காரை ஓரம் கட்டிவிட்டு வேலி பக்கத்தில் போய் நின்றுகொண்டே இருந்தார், கட்டுச்சோற்றைக்கூட மறந்துவிட்டு. திரும்பும் வழியில் ஒரு மில்லின் கடையில் மிச்சம் விழுந்த கோன்களாகப் பொறுக்கி, போர்வை ஒன்றுக்கு 700 ராண்ட் வீதம் மொத்தம் 11,200 ராண்டுக்கு நூல் வாங்கினோம். கார்டு என்னுடையது. அக்கா தன் பங்கை விடுதிக்காரர் பணம் தந்ததும் கழித்துக்கொள்ளலாம் என்றார். பெட்ரோல் முழுக்க அவர் போட்டார். யாரும் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. சிநேகிதத்தில் கணக்கு எதற்கு என்ற எண்ணம்.

வந்த வாரத்திலேயே ராத்திரி கை மரக்க ஆரம்பித்தது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி. சுண்டுவிரலுக்கு ஒன்றும் இல்லை. இந்த விவரத்தைக் கவனியுங்கள், டாக்டர் முதலில் கேட்பது இதுதான். சுண்டுவிரல் தப்பித்து மற்றவை மரத்தால் மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்குகிறது என்று சந்தேகப்படுவார்கள், கார்பல் டனல் என்பது அதுதான். கட்டைவிரல் அடியில் மணிக்கட்டின் ஓரத்தில் மட்டும் வலி, மரப்பு இல்லை என்றால் அது வேறு, தசைநாண் உறையின் அழற்சி, அதற்கு வைத்தியமும் வேறு. எனக்கு இதெல்லாம் தெரியாது. தலையணைக்கு அடியில் கை மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். உதறினால் சரியாகிவிடும், மறுபடி தூங்குவேன், மறுபடி முழிப்பேன்.

ஏப்ரல் கடைசியில் பகலிலும் வந்துவிட்டது. ஒருநாள் தாளிக்க அஞ்சறைப்பெட்டியைத் திறந்தேன். கடுகை விரலில் எடுக்கிறேன், எடுத்தேனா இல்லையா என்றே தெரியவில்லை. விரலைத் தூக்கிப் பார்த்தால் காலி. மறுபடி எடுக்கிறேன், எண்ணெய் புகைகிறது, விரலில் இரண்டே கடுகு ஒட்டியிருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். புடவைக்குப் பின் குத்த முடியவில்லை. தோசைக் கரண்டி கையிலிருந்து நழுவி விழுந்தது. அந்த வருடம் மின்வெட்டு வேறு உச்சத்தில் இருந்தது, இங்கே கட்டம் கட்டமாகக் கூட்டுவார்கள், ஆறாம் கட்டம் வரை போனது. இருட்டில் நெற்றி விளக்கு கட்டிக்கொண்டு பின்னினேன். உணர்ச்சி இல்லாத விரலுக்குக் கண்ணி நழுவினாலும் தெரியாது. மூன்றாவது போர்வையில் நாற்பது வரிசைக்குக் கீழே ஒரு கண்ணி விட்டுப்போயிருந்ததைக் காலை வெளிச்சத்தில்தான் பார்த்தேன். மோஹேரைப் பிரிப்பது சாதாரணமில்லை. ரோமம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வரமாட்டேன் என்னும். அதற்கு ஒரு வழி உண்டு. பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்தால் ரோமம் விறைத்துப் பிடி தளரும், அப்புறம் மெதுவாகப் பிரிக்கலாம். உறைந்த பட்டாணிக்குப் பக்கத்தில் போர்வையை வைத்துவிட்டு ராத்திரி பிரித்தேன். பிரித்ததை மறுபடி பின்ன ஒரு வாரம். அதுவும் முன்போல ஒரே சீராக வரவில்லை, ஓர் இடம் இறுக்கம், ஓர் இடம் தளர்வு.

அக்காவிடம் வலி என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், "எங்க ஆயா கரும்பு வெட்டினாங்க மா, ஒரு நாளும் கை வலின்னு சொன்னதில்லை." அந்த ஒரு வார்த்தை எனக்கு எவ்வளவு தைத்தது என்று அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். போன் வந்தால் "ஆயிட்டு இருக்கு" என்பேன். வீட்டுக்காரருக்குக் கடலில் சிக்னல் கிடைக்கும்போது பேசும் ஐந்து நிமிடத்தில் இதைச் சொல்லி என்ன செய்வது என்று அவரிடமும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. அக்கா மேல், அந்த விடுதிக்காரர் மேல், காரணமே இல்லாமல் அந்த ஆட்டின் மேலும்.

மே கடைசியில் அக்கா தன் எட்டையும் முடித்து இஸ்திரி போட்ட மாதிரி மடித்து வைத்திருந்தார். என்னிடம் மூன்றுதான். விடுதிக்காரர் பதினொன்றில் பத்தை எடுத்துக்கொண்டார், ஐந்து அறைக்கு ஜோடி ஜோடியாக. என் மூன்றாவதை, அந்தப் பிரித்துப் பின்னியதை, திருப்பிக் கொடுத்துவிட்டார். மீதி அறைகளுக்குக் கடையில் ரெடிமேடாக வாங்கிக்கொள்கிறாராம். எனக்கு வராமல் போனது 10,800 ராண்ட், அதில் 4,200 நான் நூலுக்கு ஏற்கெனவே கொடுத்தது. அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் பேரும் சேர்ந்து கெட்டது என்று நினைத்தார், அது நியாயம்தான். காரில் திரும்பும்போது அவர் நூல் பாதியைத் தருவதாகச் சொன்னதைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவர் பெட்ரோல் கணக்கைச் சொன்னார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியதிலிருந்து டர்பன் வரை இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு மாதத்துக்கு மேல் போன் இல்லை. ஆடி மாதக் கூழ் ஊற்றும்போதுகூட நான் அவர் போகும் கோயிலுக்குப் போகாமல் வேறு கோயிலுக்குப் போனேன். கை வலியைவிட அது மோசம்.

இப்போது வைத்தியக் கதை. முதலில் மருந்துக்கடையில் கேட்டு வலி மாத்திரை. வயிறு எரிந்ததுதான் மிச்சம். பிறகு ஒருவர் சொல்லி ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். கழுத்தில்தான் கோளாறு என்று வாரக்கணக்கில் கழுத்தை இழுத்தார், 2,400 ராண்ட். கழுத்து நன்றாக இருக்கிறது, அதில் எனக்குக் குறையே இருந்ததில்லை. கடைசியில் வீட்டுப் பக்கத்து ஜிபியிடம், அதாவது பொது மருத்துவரிடம் போனேன், 550. வயதான மனிதர். கையைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்த்தார். "எடை கூடியிருக்கா? முடி கொட்டுதா? எப்பவும் அசதியா?" மூன்றுக்கும் ஆமாம். டர்பன் புழுக்கம், வயசு, தனிமை என்று நான் ஆளாளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தவை. இரண்டு புறங்கையையும் ஒட்டி வைத்து மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் பிடிக்கச் சொன்னார். முப்பது நொடியிலேயே விரல் ஜிவ்வென்றது. சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் ரத்தம் எடுத்தார், 900. சர்க்கரை இல்லை. தைராய்டு சுரப்பு மிகக் குறைவு.

மணிக்கட்டில் எலும்புகளும் ஒரு பட்டையும் சேர்ந்த ஒரு குறுகிய பாதை. அதற்குள் ஒன்பது தசைநாண்களும் அந்த ஒரே நரம்பும். தைராய்டு குறைந்தால் உடம்பில் நீர் கோத்து, அந்த இடத்தில் வீக்கம் வரும். இடமே இல்லாத இடத்தில் வீக்கம் வந்தால் நசுங்குவது நரம்பு. சர்க்கரை நோய், கர்ப்பம், முடக்குவாதம் இவற்றிலும் இது வரும். நான் பின்னியது இருக்கிற நெருக்கடியை அதிகமாக்கியது, ஆனால் அடிக்காரணம் வேறு என்றார் அவர். எல்லோரும் நிட்டிங் மேலேயே பழியைப் போட்டார்கள், நானும் நம்பிவிட்டேன். நிட்டிங்கை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் தைராய்டு தன் பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கும். அதனால் பெண்களே, கை மரத்தால் ஸ்கேன், எம்ஆர்ஐ என்று ஓடுவதற்கு முன் இந்த இரண்டு ரத்தப் பரிசோதனை. செலவில் ஆகக் குறைந்தது அதுதான்.

பிறகு நரம்பு நிபுணரிடம், நரம்பில் சிறு மின்னோட்டம் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை, டாக்டர் கட்டணத்தோடு 4,200. சுருக்சுருக்கென்று குத்தும், பயப்படும் அளவுக்கு இல்லை. நடுத்தர அளவு பாதிப்பு, ஆபரேஷன் இப்போது வேண்டாம் என்றார்கள். மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி 1,800. இரண்டு நாள் உயிர் போனது, அப்புறம் நிம்மதி. சர்க்கரை உள்ளவர்கள் இந்த ஊசிக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், சில நாளைக்குச் சர்க்கரை ஏறும். கைப்பட்டை 950, கைக்கான தெரபிஸ்ட் 1,500. எல்லாம் கூட்டினால் 12,300 ராண்ட், அன்றைய நம் ஊர்க் கணக்கில் சுமார் 55,000 ரூபாய். ஒரு காசு திரும்பி வரவில்லை. எங்களுடைய மெடிக்கல் எய்ட், அதாவது இங்கத்திய மருத்துவக் காப்பீடு, வெறும் ஹாஸ்பிடல் பிளான். படுக்கையில் அட்மிட் ஆனால்தான் கொடுப்பான், வெளி நோயாளிச் செலவு நம் தலையில். டாக்டர் கேட்பதற்கும் மெடிக்கல் எய்ட் தருவதற்கும் உள்ள இடைவெளியை அடைக்கும் கேப் கவர் என்ற தனிக் காப்பீடும் பெரும்பாலும் அப்படித்தான், ஆஸ்பத்திரிக்குள் நடப்பதற்குத்தான். இங்கே புதிதாக வருபவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மெடிக்கல் எய்டில் சேர்ந்ததும் மூன்று மாதம் வரை பொதுக் காத்திருப்பு வைக்கலாம், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பன்னிரண்டு மாதம் வரை தள்ளலாம். வலி வந்த பிறகு சேர்ந்தால் பிரயோஜனம் இல்லை. ஸ்பெஷலிஸ்டிடம் நேரம் வாங்கும்போதே "மெடிக்கல் எய்ட் ரேட்டா, அதில் இருநூறு சதவீதமா, முந்நூறா" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். சிகிச்சைக் குறியீட்டு எண்ணை வாங்கி மெடிக்கல் எய்டுக்கு போன் போட்டு எவ்வளவு தருவார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள். ரிசப்ஷனில் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

தைராக்சின் மாத்திரை காலையில் வெறும் வயிற்றில். காபி குறைந்தது அரைமணி கழித்து, ஒரு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. ஃபில்டர் காபி இல்லாமல் கண் திறக்காத எனக்கு இதுதான் மொத்த வைத்தியத்திலும் கஷ்டமான பகுதி. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை சாப்பிடுபவர்கள் நாலு மணி நேரம் தள்ளிச் சாப்பிட வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி ரத்தம் எடுத்து அளவைச் சரிபார்ப்பார்கள்.

கைப்பட்டை ராத்திரிக்குத்தான் முக்கியம். தூக்கத்தில் நாம் மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம், அதனால்தான் ராத்திரி மரக்கிறது. மணிக்கட்டு நேராக இருக்கும்படியான பட்டை வாங்குங்கள், மருந்துக்கடையில் தொங்கும் இலாஸ்டிக் உறை இதற்கு உதவாது. எனக்குச் சில வாரத்தில் ராத்திரித் தூக்கம் திரும்பியது, கடுகு பிடிபட இன்னும் கொஞ்ச காலம் ஆனது. ஒரு எச்சரிக்கை. கட்டைவிரல் அடிச்சதை வற்றிப்போனாலோ, மரப்பு ராத்திரி பகல் விடாமல் இருந்தாலோ பட்டையை நம்பி உட்காராதீர்கள். நரம்பு செத்த பிறகு ஆபரேஷன் செய்தும் முழுப்பலன் கிடைக்காது.

பின்னுவதற்குத் திரும்பியபோது பழக்கத்தையே மாற்ற வேண்டியிருந்தது. நேர் ஊசியில் கனமான போர்வை முழுதும் ஊசி நுனியில் தொங்கும், அந்த எடையை மணிக்கட்டு சுமக்கும். நீளமான வயர் வைத்த வட்ட ஊசியில் எடை மடியில் இறங்கிவிடும். போர்வை மாதிரி பெரிய வேலைக்கு வேறு ஊசியைத் தொடவே மாட்டேன். நூலை வலது கையால் சுற்றிப் போடும் கான்வென்ட் பாணியை விட்டு, இடது கையில் நூலை வைத்து ஊசியால் கொக்கி போட்டு இழுக்கும் முறையைக் கற்றுக்கொண்டேன். முதலில் குழந்தை எழுதுவதுபோல் கோணலாக வந்தது. முழங்கைக்கு அடியில் தலையணை. இருபது நிமிடத்துக்கு டைமர், அடித்தால் வரிசை நடுவில் இருந்தாலும் வைத்துவிட வேண்டும். "இந்த வரிசையை முடிச்சிட்டு" என்பதுதான் கையைக் கெடுக்கிற வாக்கியம். பருத்தி நூல் இழுத்தால் நீளாது, ஒவ்வொரு கண்ணிக்கும் விரல்தான் பாரம் தாங்கும். கை ஆறும்வரை அதைத் தொடாமல் உல்லனில் பின்னுங்கள்.

அக்கா எப்படித் திரும்பி வந்தார் என்றால், என் வீட்டில் கிடந்த நூலுக்காக வந்தார். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் நின்றார். "அந்த நூல் மக்கிப்போகும், குடு" என்றார். உள்ளே வந்தவர் மேஜை மேல் கைப்பட்டையைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார். வெகுநேரம் படித்தார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. "எனக்கும் ஆலையில் இருந்தப்போ விரல் மரக்கும், சொன்னா வேலை போயிடும்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே ஒரு நோட்டை எடுத்து நூல், பெட்ரோல், வந்த பணம் எல்லாம் எழுதினோம். அவர் எனக்கு நூல் பாதி 5,600 தர வேண்டும், நான் அவருக்குப் பெட்ரோல் பாதி 1,700. அவர் 3,900 கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது அவர் மனசில் கடனாகவே நின்றிருக்கும். பழைய நெருக்கம் அப்படியே திரும்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில விஷயங்களைப் பேசாமல் சுற்றிப் போகிறோம். ஆனால் வாரா வாரம் உட்கார்ந்து பின்னுகிறோம்.

மிச்ச நூலில் மண்டேலா நாளுக்காகச் சதுரங்கள் பின்னுகிறோம். ஜூலை 18. அவர் 67 வருடம் பொதுவாழ்வில் இருந்ததை வைத்து 67 போர்வை என்று தொடங்கிய இயக்கம் இந்த நாடு முழுக்க ஊசி பிடிக்கத் தெரிந்தவர்களை இழுத்துவிட்டது. குளிரில் கிடக்கும் ஏழைகளுக்குப் போகிறது. கை கெட்டவர்களுக்கு இது நல்ல வேலை. 20 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று மடியில் எடையே தெரியாது, அறுபத்து நாலு சேர்ந்தால் 160க்கு 160 போர்வை. நான் மாதத்துக்கு எத்தனை கொடுத்தாலும் கேள்வி இல்லை. அக்காதான் தைத்துச் சேர்க்கிறார், மெஷின் கை இல்லையா.

பயணத்துக்கு ஒரு வார்த்தை. அம்மாவைப் பார்க்கக் குன்னூர் போனபோது ஒரு விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனையில் ஊசியைப் பிடுங்கிக்கொண்டார்கள். போன முறை அதே இடத்தில் விட்டது, இந்த முறை விடவில்லை. அந்தந்த அதிகாரி மனசு. எனக்கு நஷ்டம் ஊசி மட்டும்தான், வேலை போகவில்லை, ஏனென்றால் கிளம்பும் முன் தையல் ஊசியில் வேறு நிற மெல்லிய நூலைக் கோத்து எல்லாக் கண்ணிகள் வழியாகவும் ஓட்டி வைத்திருந்தேன். ஊசியை உருவினாலும் கண்ணி அந்த நூலில் நிற்கும். விலை குறைந்த மூங்கில் ஊசியைக் கைப்பையில் வையுங்கள், நல்லதைப் பெட்டியில். தைராய்டு மாத்திரையும் கைப்பட்டையும் கைப்பையில்தான், பெட்டி வராமல் போனால் அந்த ராத்திரி தூக்கம் போய்விடும். காரில் போனால் பின் சீட்டு, சின்ன வேலை, மணிக்கு ஒரு தடவை இறங்கிக் கையை நீட்டி மடக்குவது.

போன மாதம் அந்த விடுதிக்காரரே மெசேஜ் போட்டார். ரெடிமேட் போர்வைகள் துவைத்ததில் சுருங்கிவிட்டனவாம், ஆறு பின்னித் தர முடியுமா என்று. அக்காவும் நானும் உட்கார்ந்து பதில் எழுதினோம். விலை 2,400, பாதி முன்பணம், முன்பணம் வந்த தேதியிலிருந்து ஐந்து மாதம், முடிந்ததை முடிந்தபடி எடுத்துக்கொள்ள வேண்டும். நீல டிக் வந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. அக்கா தினமும் காலையில் கேட்கிறார்.